அசைகிற பிள்ளைக்கான படம்

தோட்டத்து மோட்டாருக்குக் கரண்டு இல்லை. காலையிலிருந்து கரண்டு ஆபீசுக்குப் போன் அடித்தும் யாரும் எடுக்கவில்லை. கடைசியில் ஒரு புது எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்த எடுப்பில், "ஏனுங்க, ஆளு உசுரோட இருக்கறீங்களா, இல்லீங்களா?" என்று சத்தம் போட்டேன். மறுமுனையில் இருந்தவர், "அண்ணா, லேப்ல இருந்து ராஜேஷ் பேசறேன். சுகந்தி மேடம் தவறிட்டாங்க" என்றார்.

இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கிற, சுகந்தியோடு வேலை செய்த உங்களுக்கு அவர் எம்.ஆர்.ஐ. ஆராய்ச்சியாளர். பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் தென்னை வைத்துப் பிழைக்கும், பத்தாவதை ஒருவழியாகத் தாண்டிய எனக்கு, பெயருக்கு முன்னால் டாக்டர் என்று இருந்தால் வைத்தியம் பார்க்கிற டாக்டர்தான். முதல் நாளே வேட்டியை வழித்து முட்டிவலியைக் காட்டினேன். "நான் இன்ஜினீயருங்கண்ணா. மிஷினுக்கு வலிச்சாத்தான் எனக்குத் தெரியும்" என்றவர், குனிந்து பார்த்துவிட்டு, "வீங்கியிருக்குதுங்க, காட்டிருங்க" என்றார்.

என் மகள் தர்ஷினிக்கு வலிப்பு. ஸ்கேனுக்குள் அசையாமல் படுக்க மாட்டாள். எடுத்த படமெல்லாம் மங்கல். ஒரு தடவை மயக்க மருந்து கொடுத்தபோது மூச்சுத் திணறிவிட்டது. இனி அது வேண்டவே வேண்டாம் என்று என் மனைவி அழுதாள். பிள்ளை அசைந்தாலும் படம் தெளிவாக வருவதற்கான வழியைத்தான் சுகந்தியும் நீங்களும் தேடிக்கொண்டிருந்தீர்கள்.

உங்கள் லேபில் அவளுக்குப் படம் எடுத்த அன்று நான் வெளியில் நின்று, "அசையாதே சாமி!" என்று கத்தினேன். "நீங்க அசையாம இருங்கண்ணா போதும். அசையற புள்ளைக்காகத்தான இத்தன பாடு" என்றார் சுகந்தி. மிஷின் போடும் ஒவ்வொரு சத்தத்துக்கு முன்பும் மைக்கில் அதை வாயால் செய்து காட்டினார். "இப்ப உங்கப்பா மோட்டார் ஓடப்போகுது, தர்ஷு!" உள்ளேயிருந்து பதில் வந்தது: "அது ஓடவே ஓடாது, ஆன்ட்டி!"

படத்தில், மூளையில் ஒரு பருப்பளவு தழும்பு தெரிந்தது. டாக்டர்கள் மருந்தை மாற்றினார்கள். வலிப்பு நின்றது. கும்பிடப் போனேன். "படம் மட்டுந்தானுங்க நாங்க எடுத்தது. இன்னும் எத்தனையோ புள்ளைகளுக்குச் சரியா வரலீங்க" என்று என் கையைப் பிரித்துவிட்டார்.

பயப்படும் பிள்ளையிடம் அடுத்து வருவதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்பது அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது. ஊசி என்றால் ஊசி என்றே இப்போது சொல்கிறேன்.

இந்த மாதம் பள்ளிக்கூட பஸ்ஸில் தர்ஷினிக்கு மறுபடி வலிப்பு வந்தது. புதிதாகப் படம் எடுக்கச் சொன்னார்கள். சுகந்தியிடம் கேட்கலாம் என்றிருந்தேன். அவருக்கே உடம்பு முடியாமல் இருந்தது எனக்குத் தெரியாது.

துக்க வீட்டில் அவர் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "கடைசி வரைக்கும் உங்க புள்ள பேச்சுத்தானுங்க. ஒரு புள்ளைக்காச்சும் சரியாச்சேன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. பாப்பா நல்லாருக்கறாளுங்களா?"

"இஸ்கூலுக்குப் போறாளுங்க" என்றேன்.

அடுத்த படத்தை இனி யார் எடுப்பார்கள் என்று கேட்கும் நினைப்போடும்தான் அங்கே போயிருந்தேன். அதை மட்டும் கேட்கவில்லை.