கறுப்புக் கயிறு கட்டிய ஓக்

அத்தான் பிச்சையா கொடைக்கானலிலிருந்து காய்கறி ஏற்றிவரும் லாரியின் டிரைவர். 1954-ல் ஒருநாள், அங்கே வெள்ளைக்காரர் வைத்த ஓக் மரத்தடியில் பொறுக்கியதென்று, குல்லாய் போட்டாற்போன்ற ஒரு கொட்டையை என் அக்கா முத்துவடிவிடம் கொடுத்தார். அக்கா குற்றாலத்தில், அருவிக்குப் போகும் வழியில் எண்ணெயும் சீயக்காயும் விற்றுவந்தாள்.

தென்காசி வீட்டு முற்றத்தில் ஒரு சிமெண்டுத் தொட்டியில் அதை ஊன்றினாள். கன்று முழங்கால் உயரம் வந்ததும் அத்தான், "ஊர்க்கண்ணு பொல்லாதது" என்று தண்டில் கறுப்புக் கயிறு கட்டினார். அந்த வருஷமே மலைப்பாதையில் லாரி கவிழ்ந்து இறந்துபோனார்.

அதன்பிறகு அந்த மரம் பிழைக்க வேண்டும், அக்காவுக்கு அவ்வளவுதான். கோடையில் தொட்டியைச் சுற்றி ஈரச்சாக்குப் போடுவாள். சாரல் தொடங்கியதும் தொட்டியை மாட்டுவண்டியில் ஏற்றிக் குற்றாலத்துக்குக் கொண்டுபோவாள். சீசன் முடிந்தால் திரும்பவும் வண்டி.

"ஏட்டி, பிள்ளையைத் தூக்கிட்டு அலையுதவளைப் பாத்திருக்கேன். மரத்தைத் தூக்கிட்டு அலையுதவ நீ ஒருத்திதான்" என்பாள் பக்கத்துக் கடை பாலம்மாள்.

"பிள்ளைன்னா நடந்து வந்துரும் மயினி. இதுக்குக் காலு இல்லைல்லா."

1961 சீசனில், நல்ல சாரலிலும் உச்சி இலைகள் கருகின. அக்கா பிண்ணாக்குக் கரைத்து ஊற்றினாள். மீன் கழுவிய தண்ணீர் விட்டாள். பூச்சியோ என்று வேப்பெண்ணெய் தடவினாள். எதற்கும் கேட்கவில்லை.

பாலம்மாள்தான் குனிந்து பார்த்தாள். "ஏட்டி, கழுத்தை நெரிச்ச மாதிரில்லா இருக்கு!"

தண்டு பெருக்கப் பெருக்க, கயிறு பட்டைக்குள் புதைந்திருந்தது.

"அது அவுக கட்டினது. அதைத் தொடாத மயினி."

"அவுக இருந்தா இதுக்குள்ள அவுத்திருப்பாகளே."

அன்று சாயங்காலம் கூட்டம் கலைந்ததும், அக்கா எதிர்ச் சலூனில் சவரக்கத்தி கேட்டு வாங்கிவந்தாள். பட்டையில் கீறல் விழாமல் கயிற்றை இழை இழையாக அறுத்தாள். உள்ளே மாட்டிக்கொண்டதைக் கொண்டை ஊசியால் நெம்பி எடுத்தாள். துண்டுகளைப் பொறுக்கித் தொட்டி மண்ணிலேயே புதைத்தாள்.

"கண்ணு பட்டா?" என்றாள் பாலம்மாள்.

"படட்டும். நான் இருக்கம்லா, பாத்துக்கிடுதேன்."

கருகிய உச்சியையும் நறுக்கிவிட்டாள். புரட்டாசியில் தழும்புக்குக் கீழே இரண்டு துளிர் வந்தது.

இந்த மாசியில் அக்காவும் போய்ச்சேர்ந்துவிட்டாள். சித்திரை முழுவதும் சாக்கை நனைத்துப் போட்டேன். நேற்று மலைமேல் மேகம் இறங்கியது, வண்டிக்குச் சொல்லிவிட்டேன்.