அக்கா கொண்டுபோன சனிக்கிழமைச் சாப்பாடு

1961 ஆகஸ்ட் 12, சனிக்கிழமை. காலையில் குளித்து, காப்பி குடித்து, வழக்கமான பஸ்ஸில் துறைமுக அலுவலகத்துக்குப் போனேன். சனிக்கிழமையாதலால் அரை நாள் வேலை. திரும்பும் வழியில் சலவைக்குக் கொடுத்திருந்த சட்டைகளை வாங்கிக்கொண்டு பஃப்பலோ ரோட்டு வீட்டுக்கு வந்தபோது, அக்கா ரங்கூன் சாலைக்குச் சாப்பாடு கொண்டுபோகப் புறப்பட்டு நின்றார்கள். சனிக்கிழமைதோறும் அங்கே டாக்டரம்மாவுக்கு அக்கா வழக்கமாகக் கொண்டுபோவது ஒரு கேரியர். அன்று வாசலில் மூன்று கேரியர்களும், வாழையிலையால் மூடிய ஒரு பிரம்புக்கூடையும் இருந்தன.

"தம்பி, கூடையை நீ தூக்கிக்க" என்றார்கள். தூக்கிக்கொண்டேன். கனமாக இருந்தது.

அந்த நாளைப் பற்றித்தான் இந்த நினைவு மலரில் எழுத நினைத்தேன். ஆனால் அக்காவை முழுமையாக அறியாத உறவினர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன்.

அக்கா புக்கிட் பாஞ்சாங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். அப்பா அங்கே பால்வெட்டுத் தொழிலாளி. எனக்கு ஆறு வயதில் அம்மா தவறிவிட, என்னை வளர்த்தவர்கள் அக்காதான். திருமணமாகி, பஃப்பலோ ரோடு இருக்கும் தேக்காவுக்கு வந்தபோது என்னையும் கூடவே அழைத்து வந்து படிக்க வைத்தார்கள். ஜப்பானியர் காலத்தில் சயாம் ரயில் வேலைக்குக் கொண்டுபோகப்பட்ட அத்தான் திரும்பி வரவில்லை. கையில் குழந்தை மங்கை. போர் முடிந்ததும் அக்கா இரண்டு அடுப்புகளை வைத்துக்கொண்டு மாதச் சாப்பாடு போட ஆரம்பித்தார்கள். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு இங்கே அறை எடுத்துத் தங்கியிருந்த ஆண்கள் பதினெட்டுப் பேர் அக்காவிடம் சாப்பிட்டார்கள். காய்ச்சலில் படுத்தவருக்குக் கஞ்சி அறைக்கே போகும். அதைக் கணக்கில் சேர்க்கும் பழக்கம் அக்காவிடம் இல்லை.

இனி எழுதுவதை எழுதலாமா என்று மங்கையும் நானும் பலமுறை பேசினோம். "அம்மா மறைச்சதில்லை மாமா, நாம ஏன் மறைக்கணும்?" என்று மங்கை சொன்ன பிறகு எழுதுகிறேன்.

அக்காவுக்கு மனம் உயர ஏறுவதும் அடியாழத்துக்கு இறங்குவதுமான நோய் இருந்தது. இறங்கும்போது எல்லோருக்கும் தெரியும். அடுப்பு எரியாது. தலை வாரமாட்டார்கள். சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார்கள். பதினெட்டுப் பேரும் வேறு இடத்தில் சாப்பிட்டுக்கொண்டு, "அக்கா எழுந்திருச்சிட்டாங்களா?" என்று மட்டும் வந்து கேட்டுவிட்டுப் போவார்கள்.

ஏறும்போதோ யாருக்கும் தெரியாது. பதினெட்டுப் பேருக்கு அரிசி அளந்த பிறகு, பால் டின்னால் இன்னொரு டின் அள்ளிப் போடுவார்கள். "யாராவது வருவாங்க." பிறகு இன்னொன்று. ஒரு பொரியல் மூன்றாகும். சாம்பாரோடு கறிக்குழம்பும் வரும். கப்பலில் மூட்டை தூக்கும் மாணிக்கம் அண்ணன் இலையைப் பார்த்துவிட்டு, "அக்கா, இது மாதச் சாப்பாடு இல்ல லா, கல்யாண வீடு. மாப்பிள்ளை யாருன்னு சொல்லுங்க, மொய் எழுதிட்டுப் போறேன்" என்பார். அக்கா சிரிப்பார்கள். தெருவே சிரிக்கும். அக்காவுக்குக் கை தாராளம் என்று எல்லோரும் சொன்னோம். அக்கா இரவெல்லாம் விழித்திருந்து வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்ததையும் சுறுசுறுப்பு என்றுதான் சொன்னோம்.

1959இல் வந்த இறக்கம் மிகவும் ஆழமானது. ஒருநாள் விடியற்காலையில் அக்காவை ரோச்சோர் கால்வாய்க் கரையிலிருந்து கைப்பிடித்து அழைத்து வந்தோம். மங்கை அதன் பிறகு அம்மாவின் சேலை முந்தானையைத் தன் மணிக்கட்டில் முடிந்துகொண்டுதான் தூங்கினாள்.

அப்போதிருந்து வைத்தியம் தேடினோம். கோயில் அர்ச்சகர் திருநீறு கொடுத்துவிட்டு, "டாக்டரையும் பாருங்க" என்று அவரே சொன்னார். கேலாங்கில் ஒரு மலாய்க்காரப் பெரியவர் எலுமிச்சம்பழத்தை நீரில் பிழிந்து ஓதிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் சில வாரங்கள் வைத்திருந்தார்கள். அங்கிருந்தவர்கள் அன்பாகவே நடத்தினார்கள், அக்கா எழுந்து நடக்கவும் செய்தார்கள். ஆனால் பேச்சு எல்லாம் ஆங்கிலத்தில். நடுவில் இருந்து மொழிபெயர்க்க என்னை வைத்தார்கள். மனம் எப்படி இருக்கிறது என்று டாக்டர் கேட்டால் அக்கா என்னிடம், "எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லு. அவரு சாப்பிட்டாரான்னு கேளு, முகம் வாடியிருக்கு" என்பார்கள். வளர்த்த தம்பியின் வாய் வழியாக ஒரு பெண் தன் மனதைத் திறக்க முடியாது என்பது எனக்கு அங்கே விளங்கியது. நடந்துபோகும் தூரத்தில், தமிழில் பேசி மனநோய் பார்ப்பவர் ஒருவர் வேண்டும். அப்படி ஒருவர் இருப்பதாக யாருக்கும் தெரியவில்லை. மருந்துக் கடைகளில் கேட்டேன். அலுவலகத்தில், வேறு யாருக்கோ கேட்பதுபோல் கேட்டேன்.

கடைசியில் அந்த ஆஸ்பத்திரித் தாதி ஒருவர்தான் சொன்னார், ரங்கூன் சாலையில் யாழ்ப்பாணத்துப் பெண் டாக்டர் ஒருவர் கிளினிக் வைத்திருக்கிறார், சீமையில் மனநோய்க்கென்றே படித்து வந்தவர் என்று. போய்ப் பார்த்தேன். இருமல்காரர்களும் கைக்குழந்தைக்காரர்களும் உட்கார்ந்திருந்த சாதாரணக் கிளினிக். அங்கே போவதை யார் பார்த்தாலும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள். அதுவே எனக்குப் பாதி நிம்மதி.

டாக்டரம்மா நான் சொன்னதையெல்லாம் கேட்டார். "விழுந்தாப் பிறகு கூட்டிக்கொண்டு வாறியள். விழ முந்தி ஏறுறா பாருங்கோ, அதுவும் வருத்தம்தான், நோய்தான். அடுத்த முறை எவ்வளவு ஆழத்துக்கு விழுவாவோ தெரியாது. சுகமா இருக்கேக்கை கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றார்.

அக்காவிடம் சொன்னேன். "நல்லா இருக்கிறவ எதுக்குடா டாக்டர்கிட்ட போகணும்? தெருவுல என்ன சொல்லுவாங்க?" என்றார்கள். மறுபடியும் நான் போய் டாக்டரம்மாவிடம் கையை விரித்தேன். அவர் சற்று யோசித்தார். "உங்கட அக்கா சாப்பாடு குடுக்கிறவ எண்டு சொன்னனீங்கள். எனக்குச் சனிக்கிழமை மத்தியானம் ஒரு சாப்பாடு வேணும். அவவே கொண்டுவர வேணும்."

அக்கா போனார்கள். வாடிக்கையாளருக்குச் சாப்பாடு கொண்டுபோக யாருக்கும் வெட்கமில்லை அல்லவா. முதல் நாளே டாக்டரம்மா, தான் என்ன டாக்டர், தம்பி என்ன சொன்னார் என்பதையெல்லாம் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். அக்கா, "அதை விடுங்கம்மா, ரசம் ஆறிடும்" என்று சொல்லிவிட்டார்களாம். டாக்டரம்மா சாப்பிடும்போது அக்கா எதிரில் உட்கார்ந்திருப்பார்கள். சாப்பாடு முடிந்த பின்னும் பேச்சு முடியாது. அத்தான் ரயிலுக்குப் போன காலையைப் பற்றி அக்கா அங்கே பேசியிருக்கிறார்கள். எங்களிடம் ஒரு நாளும் பேசியதில்லை.

இப்படிச் சில மாதங்கள். பிறகுதான் நான் முதலில் சொன்ன சனிக்கிழமை வந்தது.

மூன்று கேரியரையும் கூடையையும் டாக்டரம்மாவின் மேசையில் இறக்கினோம். இடம் போதாமல் ஸ்டெதஸ்கோப்பை நாற்காலிக்கு மாற்றினார்.

"அக்கா, நான் ஒருத்தி. இண்டைக்கு எத்தினை பேருக்குக் கொண்டந்திருக்கிறியள்?"

"வாசல்ல உட்கார்ந்திருக்கிறவங்களும் சாப்பிடட்டுமே. பாவம், இருமிக்கிட்டே இருக்காங்க. நாளைக்கு நீங்களும் வரணும். தெருவுக்கே பிரியாணி. தேக்கா மார்க்கெட்டுல ஆட்டுக்கறி சொல்லியாச்சு."

"ராத்திரி நித்திரை கொண்டனீங்களோ?"

"தூக்கம் எதுக்கும்மா? உடம்பு காத்து மாதிரி இருக்கு."

டாக்டரம்மா எதையும் திறக்கவில்லை. "போன கிழமை ரெண்டு கேரியர். அதுக்கு முந்தின கிழமை ஒண்டு. நீங்கள் ஏறிக்கொண்டு போறியள் அக்கா."

அக்காவின் முகம் மாறியது. "அப்ப சோறு தின்ன என்னை வரச் சொல்லலை. வேவு பார்க்க வரச் சொல்லியிருக்கீங்க."

"ரெண்டும்தான். சோறும் திண்டனான், உங்களையும் பார்த்தனான். முதல் நாளே சொன்னனான், நீங்கள்தான் ரசம் ஆறிடும் எண்டியள்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் கூடையைப் பார்த்தேன். பிறகு அக்கா கேட்ட கேள்வியை நான் மறக்கவில்லை. "அழுதா நோய்ங்கிறீங்க. சரி. சிரிச்சாலும் நோய்னா, நான் எப்பத்தாம்மா நல்லா இருக்கிறது?"

வெளியே ஒரு குழந்தை அழுது ஓய்ந்தது.

"வைகாசியிலை ஒரு நாள் சோறும் ரசமும் கத்தரிக்காய்ப் பொரியலும் கொண்டந்தனீங்கள். சாப்பிட்டிட்டு ரெண்டு பேரும் சும்மா இருந்தம். ஞாபகம் இருக்கோ? அண்டைக்கு நீங்கள் நல்லா இருந்தனீங்கள்."

"அது சாதாரணச் சாப்பாடு."

"ஓம்" என்றார் டாக்டரம்மா.

மாத்திரைப் பொட்டலம் ஒன்றை நீட்டினார். அக்கா வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்கள். வழியெல்லாம் எனக்கு முன்னால் நடந்தார்கள். மாலையில் மாணிக்கம் அண்ணன் வந்து, "அக்கா, நாளைக்குப் பிரியாணிக்கு என் கூட்டாளிங்களையும் கூட்டிட்டு வரலாமா?" என்று கேட்டபோது, "யாரா இருந்தாலும் வரட்டும்" என்றுதான் சொன்னார்கள். மாத்திரை சாப்பிட்டார்களா என்று எனக்குத் தெரியவில்லை. மங்கை முந்தானையை முடிந்துகொண்டு படுத்தாள்.

அக்காவின் நோய் போய்விடவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். அதன் பிறகும் ஏறினார்கள், இறங்கினார்கள். ஒருமுறை மீண்டும் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். ஆனால் கால்வாய்க் கரைக்கு நாங்கள் போக நேரவில்லை. சனிக்கிழமைச் சாப்பாடு நிற்கவுமில்லை. மங்கையின் திருமணத்தை அக்கா முன்னின்று நடத்தினார்கள். பேரனைக் கண்டார்கள். சென்ற ஆண்டு குவீன்ஸ்டவுனில் மங்கையின் வீட்டில், நெஞ்சுவலியால், மகளின் மடியில் தலை வைத்தபடி அக்கா எங்களை விட்டுப் பிரிந்தார்கள். முதலாண்டு நினைவு நாளில் இம்மலரை அவர்கள் பாதங்களில் வைக்கிறோம்.

கடமைப்பட்டவர்கள் பலர். எங்கள் டாக்டரம்மாவுக்கு. பெயர் சொல்லாமல் வழி சொன்ன அந்தத் தாதிக்கு. அடுப்பெரியாத நாள்களில் வேறிடம் போய், எரிந்த நாளில் ஒரு கேள்வியும் கேட்காமல் திரும்பி வந்த பதினெட்டுப் பேருக்கு. இறுதி யாத்திரையில் தோள் கொடுத்த மாணிக்கம் அண்ணனுக்கு. மாமியாரைத் தாயாகப் பார்த்த மருமகனுக்கு. இதைப் படிப்போரில் யார் வீட்டிலாவது இப்படி ஏறி இறங்குபவர் இருந்தால், நன்றாக இருக்கும் நாளிலேயே அழைத்துப் போங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். வழி தெரியாதவர்கள் என்னிடம் வரலாம்.

1961 ஆகஸ்ட் 13, ஞாயிற்றுக்கிழமை. அக்கா எனக்கு முன்பே எழுந்திருந்தார்கள். நான் மாடிப்படியில் நின்று பார்த்தேன். அரிசி மூட்டையின் முன் உட்கார்ந்து பால் டின்னால் அளந்து பானையில் போட்டார்கள். பதினெட்டுப் பேருக்கு உரியது முடிந்தது. இன்னொரு டின் அள்ளினார்கள். அது பானைக்கு மேலே அப்படியே நின்றது. பிறகு அதைத் திரும்ப மூட்டையிலேயே கொட்டினார்கள்.

"மங்கை" என்று கூப்பிட்டார்கள். "தேக்காவுக்குப் போய் கறி வேணாம்னு சொல்லிட்டு வா. வரும்போது கத்தரிக்காய் வாங்கிட்டு வந்துடு."