ஒரே இழுவையில் அவிழும் முடிச்சு

புதுச் சாக்கின் வாசனை வந்தால், திருகோணமலைத் துறைமுகத்தருகே இருந்த எங்கள் நிவாரணக் களஞ்சியம் இன்றும் நினைவுக்கு வரும். யுத்த காலம். பல்கலைக்கழகம் முடித்துவந்த எனக்கு முதல் வேலை.

குச்சவெளிப் பக்கம் இடம்பெயர்ந்திருந்த குடும்பங்களுக்கு அரிசி, பருப்பு, சீனி அனுப்ப வேண்டும். வழியில் சிந்தக்கூடாதென்று சாக்குகளின் வாயை இரட்டைத் தையல் போட்டுத் தைப்பித்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது...

சோதனைச் சாவடியில் ஒவ்வொரு சாக்கையும் திறந்து காட்ட வேண்டும். தையலைப் பிரிக்கவே பொழுது போயிற்று. பாதை மூடும் நேரமாகி, லொறி அப்படியே திரும்பி வந்தது.

லொறியோடு போய்வந்தவள் களஞ்சியப் பொறுப்பாளர் பரீதா. கிண்ணியாக்காரி, என் வயதுதான். எல்லாருக்கும் முன்னால் கேட்டாள்:

“மிஸ், இந்தச் சாக்கு சனத்துக்கா, கண்காட்சிக்கா?”

எல்லாரும் சிரித்தார்கள். நான் மேசைக்குப் போய்த் தலைமை அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் இரண்டு பக்க விளக்கக் கடிதம் எழுதினேன். மழை, எலி, ஓட்டைச் சாக்கு... எல்லாம் சரியான காரணங்கள். வாசித்துப் பார்த்தபோது அதில் குச்சவெளி என்ற சொல்லே இல்லை.

கடிதத்தை அலுமாரிக்குள் வைத்துவிட்டுக் களஞ்சியத்துக்குப் போனேன்.

“அப்ப எப்படிக் கட்டுறது, பரீதா?”

“கோவமில்லையா?”

“கோவம்தான். நாளைக்கு லொறி போக வேணுமே.”

அவள் ஒரு கயிற்றை எடுத்து முடிச்சுப் போட்டுக் காட்டினாள். “ஒரு இழுவையில அவுள வேணும். திருப்பிக் கட்டவும் ஏலும்.”

“சீனிக்கு மட்டும் உள்ளுக்குப் பொலித்தீன் பை போடுவமா?”

“ஓம், அது நல்ல கதை.”

மறுநாள் நானும் லொறியில் ஏறினேன். சாவடியில் சாக்குகள் திறந்தன, மூடின. மத்தியானத்துக்கு முன்னே குச்சவெளி.

அரிசியை வாங்கிக்கொண்ட ஒரு தாய், “நேற்றும் வந்து நிண்டனாங்கள், பிள்ளை,” என்றா. அவ்வளவுதான் சொன்னா.

அந்தக் காலத்தை நல்ல காலம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. இப்போது குறை சொல்பவர்கள் மின்னஞ்சலில் சொல்கிறார்கள். போன கிழமை, அலுவலகத்துக்குப் புதிதாக வந்த ஒருத்தி, “மேடம், உங்கட விதைநெல் உதவிப் படிவம் தம்பலகாமத்துக் கமக்காரருக்கு விளங்காது” என்று எழுதியிருந்தாள்.

இரண்டு பந்தி பதில் தட்டினேன்... பழக்கம் விடாது. பிறகு அழித்துவிட்டு அவளுடைய மேசைக்குப் போனேன்.

“அப்ப எப்படி எழுதுவம்?”

அவள் எனக்கொரு கதிரையை இழுத்துப் போட்டாள்.