மீன் ஆக்காத நாள்

பவானிக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. அச்சரப்பாக்கத்தில் அப்பா வீட்டில் இருந்தபோதே அப்படித்தான். வேலை இல்லாவிட்டால் கழுவின பாத்திரத்தை எடுத்து மறுபடி கழுவுவாள். அவளைப் போய்ச் செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரி வராந்தாவில் ரத்த ரிசல்ட்டுக்காக உட்காரச் சொன்னால்? பெஞ்சுக்கும் லேப் ஜன்னலுக்கும் நடந்து நடந்து செருப்பு வார் அறுந்துபோனது.

உள்ளே மாமியார் ஆதியம்மாள் காய்ச்சலில் கிடந்தாள். திருக்கழுக்குன்றம் மார்க்கெட்டையே அதட்டி மீன் விற்ற வாய், உள்ளெல்லாம் புண்ணாகி, எச்சில் விழுங்க முடியாமல் மூடிக் கிடந்தது.

ஆதியம்மாளுக்கு முடக்குவாதம். விரல் மூட்டுகள் வீங்கி, மீன் செதில் தேய்க்கக்கூடக் கை மடங்காமல் இருந்தவள். டாக்டர் கொடுத்த ஒரு மஞ்சள் மாத்திரைதான் அந்தக் கையைத் திருப்பிக் கொடுத்தது. அதை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் போட வேண்டும். தினமும் போடுகிற மாத்திரைகள் வேறு இருந்தன. மகாபலிபுரத்துக்குப் பக்கத்துக் குப்பத்துக்குப் புது மருமகளாக வந்த பவானியிடம் டப்பாவை ஒப்படைத்தபோது, மஞ்சளை மட்டும் மீன் ஆக்காத நாளில் கொடு என்றாள் ஆதியம்மாள்; வாரக் கணக்கைச் சொல்லவில்லை. சனிக்கிழமை தவிர அந்த வீட்டில் மீன் கொதிக்காத நாளே கிடையாது. அவளுக்கு அதுதான் காலண்டர்.

வந்தது புரட்டாசி. சுனாமிக்கு முந்தின வருஷம் அது. மகன் மாரி திருப்பதிக்கு வேண்டிக்கொண்டிருந்ததால் மாதம் பூராவும் வீட்டில் மீன் கிடையாது. பவானி சொன்ன சொல் தட்டாமல் தினமும் மஞ்சள் மாத்திரையைக் கொடுத்தாள். கூடையோடு பஸ் பிடிக்கிற அவசரத்தில் ஆதியம்மாள் உள்ளங்கையில் வைத்ததை அப்படியே வாயில் போட்டுக்கொண்டு ஓடினாள். வாய் வெந்ததும், உடம்புச் சூடு என்று மணத்தக்காளிக் கீரை கடைந்து கொடுத்தாள் பவானி. கூடை தூக்கும் கையெல்லாம் கன்றிக் கறுத்தது. பல் ஈறில் ரத்தம் நிற்காமல் கசிந்த அன்றுதான் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள்.

ரிசல்ட்டைப் பார்த்த டாக்டரம்மா, ரத்தத்தில் அணுக்களெல்லாம் அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கின்றன, உயிருக்கே ஆபத்து, மாத்திரையை எப்படிக் கொடுத்தீர்கள் என்று கேட்டார். பக்கத்தில் மாரி நின்றான். பவானி தெரியாது என்று தலையாட்டியிருக்கலாம்.

“நான்தான் மஞ்சள தெனிக்கும் குட்த்தேன். இந்த மாசம் வூட்ல மீனே ஆக்கல.”

டாக்டரம்மாவுக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் மாத்திரையை நிறுத்திவிட்டு, அதன் வேகத்தை முறிக்கிற ஊசியை எழுதினார். மாரி பவானியோடு பேச்சை விட்டான். காலையில் மாமியாரிடம் எடுத்த ரத்தம் லேபுக்குப் போனால், பின்னாலேயே பவானியும் போனாள். மத்தியானம் வா என்று விரட்டினாலும் நகரவில்லை. அணு ஏறவில்லை என்ற ஒவ்வொரு நாளும், தன் கையாலேயே கொன்றுவிட்டோம் என்று உள்ளுக்குள் செத்தாள். ஒருவழியாக ஏறத் தொடங்கியது. ஆதியம்மாள் முதல் வாய்க் கஞ்சி குடித்துவிட்டு, உப்பு இல்லை என்று திட்டினாள். பவானி அழுதுவிட்டாள்.

கார்த்திகையில் மூட்டுகள் மறுபடி வீங்கின. டாக்டரம்மா அதே மாத்திரையை அளவு குறைத்து எழுதினார். மாதாமாதம் ரத்தம் பார்த்தே ஆக வேண்டும் என்றார். வீட்டுக்கு வந்ததும், டப்பா இனி என்னிடமே இருக்கட்டும் என்று மாரி கையை நீட்டினான். ஆதியம்மாள் அதைப் பவானி மடியில் வைத்தாள்.

“அவளே குட்க்கட்டும்டா. நீ குட்த்துட்டு உன் வேலையப் பாத்துகினு பூடுவ. இவ பயந்துகினே குட்ப்பா.”

சனிக்கிழமை வந்தது. பவானி காலண்டரைப் பார்த்தாள். எதிர்வீட்டில் போய் இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டாள். திரும்பி வந்து மறுபடியும் காலண்டரைப் பார்த்தாள். தெருமுனையில் பஸ் வந்து, நின்று, போய்விட்டது. ஆதியம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, கையை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தாள்.