வால்டிர் ஊர் கிளப்பும் நான் சொன்ன ‘வரேனும்’

பிரின்ஸ்டன் ஜங்ஷன் பிளாட்ஃபாரத்தில் ரயில் பிரேக் பிடித்து நிற்கும்போது கருகின இரும்பு வாசனை ஒன்று வரும். ஜோலார்பேட்டையில் பிறந்தவனுக்கு அது போதும், ஊருக்கு டிக்கெட் போட வேண்டாம். போன வாரம் ரொம்ப நாள் கழித்து அங்கே போய் நின்றேன். வாசனை வந்தது. கூடவே வால்டிர் ஞாபகமும்...

வால்டிர் பிரேசில்காரன். நான் அமெரிக்கா வந்த புதிதில் பிளெய்ன்ஸ்பரோ அப்பார்ட்மென்ட்டில் எனக்கு எதிர் வீடு. என் வயதுதான். தினமும் ஒரே ரயிலில் வேலைக்குப் போவோம். செந்தில் என்ற என் பெயர் அவன் வாயில் ‘செஞ்சியூ’ ஆகிவிடும். திருத்திப் பார்த்து அலுத்துப் போய் விட்டுவிட்டேன்.

பழகின முதல் வாரம். சாயங்காலம் பார்க்கிங்கில் பிரியும்போது, “ஓகே வால்டிர், ஐ வில் கம்” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டேன். நம் ஊர் வழக்கம்தானே. அவன் பாவம், இரண்டு கப் காபி போட்டு, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறான்.

மறுநாள் விளக்கினேன். பேசினதெல்லாம் இங்கிலீஷ்தான், ஆனால் என் ஞாபகத்தில் தமிழாகத்தான் இருக்கிறது.

“எங்க ஊர்ல போறேன்னு சொல்ல மாட்டோம்ப்பா. வரேன்னு சொல்லிட்டுத்தான் போவோம்.”

“அப்ப நீ வரேன்னு சொன்னா, போறேன்னு அர்த்தமா?”

“ஆமா.”

அவனுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. அன்றிலிருந்து தினமும் ‘வரேங்’ என்று மூக்கால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் போவான்.

காலையில் ரயில் வரும்வரை அவன் ஊர் கால்பந்து கிளப்பின் கதை ஓடும். “இன்னைக்கு எந்த சீசன்?” என்று நான்தான் எடுத்துக் கொடுப்பேன்.

ரயில்வே ஒர்க்‌ஷாப் ஆட்கள் சேர்ந்து ஆரம்பித்த கிளப் அது. வேகனுக்கு அடித்து மீதியான மெரூன் பெயின்ட்டில் கிரவுண்ட் சுவரை அடித்தார்களாம். அதையே ஜெர்சிக்கும் கலராக வைத்துக்கொண்டார்கள். கிரவுண்டை ஒட்டியே தண்டவாளம். மாட்ச் நடந்தால் டிரைவர்கள் ஆசையாக விசில் அடித்துவிட்டுப் போவார்கள். ஒரு தடவை அதை ரெஃப்ரீ விசில் என்று நினைத்து இவர்கள் டீம் மொத்தமும் ஆடாமல் நின்றுவிட, எதிர் டீம் சாவகாசமாக கோல் போட்டுவிட்டுப் போனது. “அந்த கோலை எங்க ஊர் இன்னும் ஒத்துக்கல” என்பான் வால்டிர், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

ஒரே ஒரு வருடம் மாநிலத்தின் மேல் டிவிஷனுக்குப் போனார்கள். அந்த வருடம் கோல்கீப்பர் அவன் அப்பா. பெரிய நகரத்து டீமின் பெனால்டியைப் பிடித்தார். அந்தக் கதையை நான் பத்து தடவையாவது கேட்டிருப்பேன். அப்புறம் பாசஞ்சர் ரயில் நின்றது, ஒர்க்‌ஷாப்பை மூடினார்கள், கிளப்பும் படிப்படியாக இறங்கியது. கடைசியில் கிரவுண்டை சூப்பர்மார்க்கெட் கட்ட விற்றுவிட்டார்கள்.

இடிப்பதற்கு முன்னால் அங்கே கடைசியாக ஒரு மாட்ச். பழைய பிளேயர்களுக்கு மரியாதை செய்கிறார்கள், அவன் அப்பாவுக்கும். அவன் தம்பி கேலரியிலிருந்து வீடியோ காலில் காட்டுவான், வால்டிர் வீட்டில் உட்கார்ந்து பார்க்கலாம்.

“சனிக்கிழமை மூணு மணி. இங்க எனக்கு அந்த கிளப்பைத் தெரிஞ்ச ஆள் நீ ஒருத்தன்தான். வர்றியா?”

“வரேன் வால்டிர். இது போற வரேன் இல்ல, வர்ற வரேன்” என்றேன். விழுந்து விழுந்து சிரித்தான்.

சனிக்கிழமை ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் ஒரு ஃப்ரெண்டின் குழந்தைக்கு பர்த்டே. தலையைக் காட்டிவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன். பிரியாணி, அரட்டை, யாருக்கு கிரீன் கார்டு எந்த ஸ்டேஜில் என்ற வழக்கமான பேச்சு... மணி இரண்டரை ஆனது தெரியும். மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். எந்த ஊரிலோ ஒரு சின்ன கிளப் மாட்ச்தானே, திங்கட்கிழமை அவனே கதையாகச் சொல்வான் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

திங்கட்கிழமை பிளாட்ஃபாரத்தில் சாரி சொன்னேன். அவன் கோபப்படவில்லை.

“தப்பு என் மேலதான் செஞ்சியூ. நீ வரேன்னு சொன்னப்பவே, போறேன்னு நான் புரிஞ்சிக்கிட்டிருக்கணும்.”

கீழே வைத்திருந்த பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னான்.

“என்கூட ஒரு ஃப்ரெண்டும் பார்க்கறான்னு அப்பாகிட்ட முன்னாடியே சொல்லி வெச்சிருந்தேன். கிரவுண்டுல நின்னு ரெண்டு தடவை கை காட்டினார். ரெண்டாவது உனக்கு.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அதற்கப்புறமும் ஒரே ரயில்தான், காபியும் உண்டு. ஆனால் கிளப் கதை அதோடு நின்றது. எந்த சீசன் என்று கேட்க எனக்கும் வாய் வரவில்லை. சில மாதத்தில் அவன் பிராஜெக்ட் முடிந்து ஊருக்குக் கிளம்பினான். பார்க்கிங்கில் நான் ஜாக்கிரதையாக “பை” என்று மட்டும் சொன்னேன். அவன் பெட்டியை டாக்ஸியில் ஏற்றிவிட்டு, திரும்பிப் பார்த்து, “வரேங்” என்றான்.

அவன் நம்பர் மாறிவிட்டது. அந்த கிளப்பைத் தேடலாம் என்றால் பெயர் ஞாபகமில்லை. நீளமான பெயர். அவன் நூறு தடவை சொல்லியிருப்பான், நான் ஒரு தடவைகூட எழுதி வைத்துக்கொள்ளவில்லை.

இப்போது வெஸ்ட் வின்ட்சரில் சொந்த வீடு. என் பெண் டவுன்ஷிப் டீமில் சாக்கர் ஆடுகிறாள், கோல்கீப்பர். இந்தக் கதை அவளுக்குத் தெரியும். கேம் இருக்கிற சனிக்கிழமை நான் “வரேன்டா” என்றால், நின்று திரும்பி, “விச் ஒன் அப்பா? கமிங் வரேனா, கோயிங் வரேனா?” என்று கேட்கிறாள். அரை மணி முன்னாடியே போய், ஆள் இல்லாத கிரவுண்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறேன்.

வால்டிர் கடைசியாகச் சொன்னது எந்த வரேன் என்று நான் கேட்கவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது...