கிணற்று மேட்டில் நிலைய அலுவலர்

தீயணைப்பு வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாளே தமிழழகனைக் கிணற்றுக்குள் மறந்துவிட்டார்கள். பெரம்பலூர் பக்கம் வறண்ட கிணற்றில் விழுந்த பசுவுக்கு அவர்தான் இறங்கிக் கயிறு கட்டினார். மேலே வந்த பசு கயிற்றோடு சோளக்காட்டுக்குள் ஓட, நிலையத்தார், சொந்தக்காரர், வேடிக்கை பார்த்தவர்கள் எல்லோரும் பின்னாலேயே ஓடினார்கள். உள்ளே ஒருவர் இருப்பது முக்கால் மணி நேரம் கழித்துத்தான் நினைவுக்கு வந்தது.

அடுத்து ஒரு பருத்திக் கிடங்குத் தீ. அவர் வெளியே இழுத்து வந்த காவலாளி முத்துசாமி, "செருப்பு உள்ள கெடக்குங்க" என்று திரும்பி ஓடினார். துரத்திப் போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்த நொடியில் தகரக் கூரை சரிந்தது. முத்துசாமி தப்பினார், தமிழழகனின் இடது காது வெந்தது. மருத்துவமனையில் மனைவி வளர்மதி அழுது முடித்துவிட்டுச் சொன்னார்: "இனிமே நான் சொல்றது கேக்கலேன்னா, அந்தக் காதுன்னு சாக்குச் சொல்லாதீங்க."

இருபத்தாறு ஆண்டுகளில் படிப்படியாக உயர்ந்து அரியலூரில் நிலைய அலுவலரானார். ஆனாலும் அழைப்பு வந்தால் முதலில் வண்டியில் ஏறுவது அவர்தான்.

சென்ற கோடையில் விக்கிரமங்கலத்திலிருந்து அழைப்பு. கிணற்றுக்குள் டீசல் இன்ஜினை வைத்துத் தண்ணீர் இறைத்த அரியமுத்து, புகையில் மயங்கி உள்ளே கிடந்தார். தம்பி ராஜராஜன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கப் போனார். தமிழழகன் அவரை இடுப்போடு பிடித்துக் கீழே சாய்த்து, இடுப்பின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"விடுங்க சார், எங்கண்ணன் சார்."

"தெரியுதுப்பா. நீயும் போனா ரெண்டு பேரத் தூக்கணும்."

சொல்லிக்கொண்டே, தானே இறங்குவதற்காகத் தன் ஷூவைக் கழற்றத் தொடங்கினார். வண்டி ஓட்டுநர் தடுத்தார்.

"சார், நீங்க எந்திரிச்சா இவரு குதிச்சிருவாரு. உக்காந்தே ஆர்டர் போடுங்க."

வேறு வழியில்லை. முகமூடியும் காற்று உருளையும் மாட்டிக்கொண்டு இளம் வீரர் ஜெயப்பிரகாஷ் கயிற்றில் இறங்கினார். தமிழழகன் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். கயிறு இரண்டு முறை அசைந்ததும், "இழுங்க" என்றார். முதலில் அரியமுத்து வந்தார், இருமிக்கொண்டு. பிறகு ஜெயப்பிரகாஷ்.

"சார்," என்றது அடியிலிருந்து ஒரு குரல், "அண்ணந்தான் வந்துட்டாருல்ல. எந்திரிங்க."

மூன்றாம் நாள் அரியமுத்து வீடு திரும்பினார். ராஜராஜனின் இடுப்பு சரியாக ஒரு வாரம் ஆயிற்று.