மூன்றாவது அழைப்பு

காலை பத்து நாற்பதுக்குச் சேரன்மகாதேவியில் பஸ் பழுதாகி நின்றது. திருநெல்வேலி குடும்பநல நீதிமன்றத்தில் அன்று என் மனு விசாரணை. மில் மூடி வேலை போனதால், விவாகரத்தான மனைவிக்கும் மகளுக்கும் கொடுக்கும் ஜீவனாம்சத்தைக் குறைக்கக் கேட்டிருந்தேன். வக்கீல் இருந்தாலும், மூன்று முறை கூப்பிட்டும் நானே நேரில் இல்லையென்றால் மனு தள்ளுபடி. பழைய தொகைக்கு அப்புறம் எங்கே போவேன்?

வேறு பஸ் பிடித்து ஓடிப்போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு.

"தள்ளுபடியா அண்ணாச்சி?" என்று பெயர் கூப்பிடும் டவாலியிடம் கேட்டேன்.

"ரெண்டு தடவை கூப்பிட்டாச்சு வே. மூணாவதைக் கடைசியில வைக்கச் சொல்லி எதிர்த்தரப்பு அம்மாதான் ஜட்ஜய்யாகிட்ட கேட்டாவ. பைய மூச்சு விடும்."

எதிர்த்தரப்பு அவள்தான். நான் வராவிட்டால் அவளுக்குத்தானே லாபம்? 'தையலில் நிறையச் சம்பாதிக்கிறாள்' என்று மனுவில் வக்கீல் எழுதியதற்கு, பொய்யென்று தெரிந்தே கையெழுத்துப் போட்டவன் நான். எனக்கு எதுவும் புரியவில்லை. இன்றும் அவள் மனம் முழுதாகப் புரியவில்லை.

கடைசியில் அவளே எதிரே வந்து நின்றாள். கையில் மனுவின் நகல்.

"வேலை போனவர் குறைச்சுக் கேக்கது நியாயந்தான். ஆனா இந்தத் தையல் வரி பொய்யின்னு உங்க வாயாலயே உள்ள சொல்லணும்லா? அதுக்குத்தான் மூணாவது கூப்பிடுதலை நிறுத்தி வச்சேன். நாளைக்கு நம்ம பிள்ளையும் இதைப் படிப்பா."